வெள்ளி மீனுக்கு என்ன விலை?

 

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் வண்ண மீன்களைப் பற்றி எழுதப் புகுந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் வியப்புத்தான். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் கலைப்பட்டம் பெற்றவன் நான், விலங்கியல் அறியேன். எங்கள் வல்லத்திராக்கோட்டையில் மீன் என்றால் கண்மாயில் பிடித்த விராலும் கெளுத்தியும், அல்லது கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் கடல் மீன். குழம்புக்காக மீன் வாங்கியிருக்கிறோம். கண்ணுக்காக மீன் வாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருந்ததில்லை.

2022-ஆம் ஆண்டு என் மகன் அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. பெருநாளுக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்து, புதுக்கோட்டையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தான். அடுத்த வாரம் காற்று நிரப்பிய பாலிதீன் பைகளில் மீன்கள் வந்து சேர்ந்தன. "ஏஞ்சல் மீன் அத்தா" என்றான்.

செய்தி ஊருக்குள் பரவியது. மக்ரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகளில் ஒரு சிறுவன், கிதாபை மூடி வைத்துவிட்டு, "ஹஜ்ரத், உங்கள் வீட்டில் மலக்கு மீன் இருக்கிறதாமே! அதற்கு எத்தனை இறக்கை?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் ஏஞ்சல் என்ற சொல்லுக்குப் பொருள் கற்றிருக்கிறான் போலும். நான் திகைத்தேன். ஒளியால் படைக்கப்பட்ட மலக்குகளின் பெயரைத் தொட்டியில் நீந்தும் மீனுக்கு ஏன் வைத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்த மீனைப் பற்றிப் படிக்கலானேன். பெயர் ஆங்கிலேயர் வழக்கு. விரிந்த துடுப்புகளைச் சிறகுகளாகக் கண்டு அவ்வாறு அழைத்திருக்கிறார்கள். 1823-இல் பிரேசில் நாட்டில் கிடைத்த மீனைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர்கள் இதனை முதலில் விவரித்தனர். 1840-இல் ஆஸ்திரிய அறிஞர் ஹெக்கெல் இதன் இனத்திற்கு 'டெரோஃபில்லம்' என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'இறகு இலை' என்று அதற்குப் பொருள். மறுநாள் அந்தச் சிறுவனிடம் "இது மலக்கு மீன் அல்ல தம்பி, இறகிலை மீன்" என்றேன். அவனுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

இறகிலை என்ற பெயர் மிகப் பொருத்தமானது. பக்கவாட்டில் தட்டையான உடல். முதுகிலும் அடிவயிற்றிலும் பாய்மரம் போல எழுந்து நிற்கும் துடுப்புகள். மார்புக்குக் கீழே மீசை போல இரண்டு நீண்ட இழைகள். நன்கு வளர்ந்த மீன் சுமார் 15 செ.மீ. நீளம் இருக்கும், துடுப்புகளோடு சேர்த்து அளந்தால் உயரம் அதனினும் அதிகம். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகைதான் இதன் தாயகம். அங்கே இதற்கு வெள்ளி நிற உடலும், மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டைகளும் உண்டு. நீரில் மூழ்கிய வேர்களுக்கும் செடித் தண்டுகளுக்கும் நடுவே அசையாமல் நின்றால் பகை மீனின் கண்ணுக்கு அது தெரியாது. ரப்புல் ஆலமீன் அதற்கு அளித்த ஆடை அந்தக் கோடுகளே.

இன்னொரு செய்தி உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்கள் கண்மாய்களில் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும், கேரளத்தார் விருந்தில் வைக்கும் கரிமீனும், இந்த இறகிலை மீனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குஞ்சுகளைக் கண்போல் காப்பது இந்தக் குடும்பத்தின் பொதுக் குணம்.

அப்படியானால் கடைகளில் காணும் கறுப்பும் பொன்னும் புள்ளியும் எங்கிருந்து வந்தன? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மீன் உயிரோடு ஜெர்மனிக்கு வந்து, தொட்டிகளில் குஞ்சு பொரிக்கலாயிற்று. ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் எப்போதாவது ஒன்று வேறு நிறத்தில் தோன்றும். ஆற்றில் அப்படித் தோன்றினால் பகை மீன் தின்றுவிடும். தொட்டியில் மனிதன் அதனைத் தனியே எடுத்து வளர்த்தான். 1950-களில் கறுப்பு வந்தது. 1960-களில் பளிங்குக் கல்லைப் போலத் திட்டுத் திட்டான 'மார்பிள்' வந்தது. பின்னர்ப் பொன்னிறம் வந்தது. அண்மைக் காலத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து நீலமும் வந்திருக்கிறது. 1980-களில் ஜோன் நார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பல நிற மீன்களைப் பொறுமையாக இணை சேர்த்து, எந்த நிறம் எவ்வாறு குஞ்சுகளுக்குப் போகிறது என்பதை எழுதி வைத்தார்.

அதன் சாரத்தை எளிமையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒவ்வொரு நிறத்திற்காகத் தந்தை ஒரு சீட்டும் தாய் ஒரு சீட்டும் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கருமைச் சீட்டு ஒன்றும் இயல்புச் சீட்டு ஒன்றும் சேர்ந்தால், துடுப்பில் பின்னல் வேலை செய்தாற்போன்ற 'பிளாக் லேஸ்' பிறக்கும். இரண்டுமே கருமைச் சீட்டானால் மீன் வெல்வெட்டுத் துணி போல முழுக் கறுப்பாகும். ஆனால் அது மெதுவாக வளரும், பலவீனமாகவும் இருக்கும். கோட்டை மறைக்கும் சீட்டு இரண்டு சேர்ந்தால் பட்டைகள் மறைந்துபோகும்; இளம் பருவத்தில் செவுள் மூடி கண்ணாடி போலாகி, உள்ளிருக்கும் செவுளின் சிவப்பு கன்னத்தில் தெரியும். நாணத்தால் முகம் சிவந்ததாக எண்ணி அதற்கு 'பிளஷிங்' என்று பெயரிட்டார்கள். வரிக்குதிரை போலக் கூடுதல் கோடுகள் கொண்டது 'ஸீப்ரா'. வெள்ளை உடலில் கறுப்புத் திட்டும் தலையில் செம்மஞ்சளும் கொண்டது 'கோய்'. பின்பாதி மட்டும் கறுத்திருப்பது 'ஹாஃப் பிளாக்'. குஞ்சுப் பருவத்தில் பராமரிப்புச் சரியில்லையெனில் இந்தக் கருமை வெளிப்படாமலே போவதும் உண்டு.

நிறத்தைப் போலவே துடுப்பிலும் வகை உண்டு. நீளத் துடுப்புச் சீட்டு ஒன்று இருந்தால் முக்காடு போலத் தொங்கும் 'வெயில்' மீன் கிடைக்கும். இரண்டு இருந்தால் துடுப்பு மேலும் நீண்டு, தன் பாரத்தையே தாங்க மாட்டாமல் மடியும். அந்த மீன் நீந்தவே சிரமப்படும். நம் கண்ணுக்கு விருந்தாக நாம் தேர்ந்தெடுத்த அழகுக்கு, மீன் தன் உடலால் விலை கொடுக்கிறது.

ஒரு திருமணத்திற்காகச் சென்னை சென்றபோது மகன் என்னைக் கொளத்தூருக்கு அழைத்துப் போனான். நம் மாநிலத்தின் வண்ண மீன் வணிகத்திற்குத் தலைநகரம் அதுதான். அங்கும் சுற்றுப்புற ஊர்களிலும் பல குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்த்துப் பிழைக்கின்றன. ஒரு காலத்தில் சென்னைவாசிகள் கிளியும் மீனும் வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985-இல் அது தீக்கிரையாயிற்று. இன்று கொளத்தூர்க் கடைத் தெருவில் நடந்தால் இருபுறமும் பைகளில் நிறங்கள் தொங்குகின்றன. நிறத்திற்கு ஒரு விலை, துடுப்பின் நீளத்திற்கு ஒரு விலை. கோடு போட்ட சாதாரண வெள்ளி மீனுக்குத்தான் எல்லாவற்றினும் குறைந்த விலை.

எங்கள் தொட்டிக்கு வருகிறேன். மகன் காசு கொடுத்து வாங்கியவை மூன்று: முழுக் கறுப்பு ஒன்று, மார்பிள் ஒன்று, நீளத் துடுப்புடைய பொன்னிறம் ஒன்று. கடைக்காரர் மனமுவந்து இரண்டு வெள்ளி மீன்களைச் சும்மா போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வருவோரெல்லாம் கறுப்பையும் பொன்னையுந்தான் பார்த்தார்கள். வெள்ளி மீன்கள் இருப்பதையே ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொட்டி வெறிச்சென்று இருப்பதாகக் கருதி, துருதுருவென்று ஓடும் 'டைகர் பார்ப்' மீன்கள் ஆறு வாங்கி விட்டேன். மகன் தயங்கினான், "அத்தா சொல்கிறேன், விடு" என்றேன். அவை நீண்ட துடுப்பைக் கண்டால் கடித்துப் பார்க்கும் இயல்புடையவை. பத்து நாளில் அந்தப் பொன்னிற மீனின் துடுப்பு கந்தல் துணி போல் ஆயிற்று. பிறகு அதில் பூஞ்சை பற்றியது. ஒரு நாள் சுப்ஹு தொழுதுவிட்டு வந்து பார்க்கையில் மிதந்தது. அபூ உமைர் என்ற சிறுவர் குருவி வளர்த்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அவரிடம் பரிவோடு விசாரித்ததையும் எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையையும் சொல்லியிருக்கிறேன். வளர்க்க அனுமதி உண்டு. வளர்ப்பவன் பதில் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது பாடம் என் வீட்டுத் தொட்டியிலேயே எனக்கு நடந்தது. நான்காம் மாதம் கறுப்பும் இறந்தது. அது இரட்டைச் சீட்டுக் கறுப்பாக இருந்திருக்கலாம். தொடக்கத்திலிருந்தே இரைக்கு முந்த மாட்டாதது.

2023-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்குப் பெண் பார்க்கலானோம். தரகர் வந்து விவரம் கேட்டார். தொழுகையாளியாக, ஓதத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னோம். என் தாயார், "பெண் நல்ல நிறமாக இருக்கட்டும்" என்றார்கள். நான் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாததோடு நின்றேனா? தரகர் கொடுத்த தாளை வாங்கி, "நிறம்: சிவப்பு" என்று என் கையாலேயே எழுதினேன். மனிதரின் நிறங்களும் மொழிகளும் வேறுபட்டிருப்பது அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என்பதை ரூம் அத்தியாயத்தின் 22-ஆம் வசனத்தைக் காட்டிப் பாடம் நடத்தும் கை அது. வந்த நிழற்படங்களில் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, "குடும்பம் நல்ல குடும்பந்தான், ஆனால்..." என்று இழுத்து, கீழே வைத்துவிட்டேன்.

என் மூத்த மகள் அப்போது தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. மாநிறத்திற்கும் சற்றுக் குறைவு. என்னைக் கொண்டு பிறந்தவள். தரகர் போன பிறகு என்னிடம், "அத்தா, இந்த வெள்ளி மீனுக்கு என்ன விலை?" என்று கேட்டாள். "அதற்கு விலை ஏது அம்மா? சும்மா கொடுத்தார்கள்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசகர்களே, அவள் எதைக் கேட்டாள் என்று எனக்கு அன்றிரவு வரை விளங்கவில்லை. விளங்கியபோது உறக்கம் வரவில்லை.

இதற்கிடையே அந்த இரண்டு வெள்ளி மீன்களும் இணை சேர்ந்தன. தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு மார்பிள் மீனை அண்ட விடாமல் விரட்டின. சாய்த்து வைத்திருந்த ஓட்டுத் துண்டை வாயாலேயே துடைத்துத் தூய்மை செய்தன. ஒரு மாலையில் பெண் மீன் அதன் மேல் வரிசை வரிசையாக முட்டை ஒட்ட, ஆண் மீன் பின்தொடர்ந்தது. முதல் தடவை அவையே முட்டைகளைத் தின்றுவிட்டன. பழகாத இணைகள் அவ்வாறு செய்வது உண்டாம். அடுத்த தடவை மகன் காவல் இருந்தான். இரண்டு மீன்களும் மாறி மாறித் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறின. வெளுத்துப்போன முட்டைகளைப் பொறுக்கி எறிந்தன. மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்து, வால் மட்டும் துடிக்கும் பொடிக் குஞ்சுகள் ஓட்டில் ஒட்டிக் கிடந்தன. கீழே விழுந்த குஞ்சை வாயில் கவ்வி மீண்டும் ஒட்டவைத்த காட்சியைக் கண்டு, சமையலறையில் வேலையாக இருந்த என் மனைவியும் வந்து நின்றுவிட்டார். மேலும் ஐந்து நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. மகன் ஆர்ட்டீமியா முட்டைகளை உப்பு நீரில் பொரிக்க வைத்து, அந்த நுண்ணிய உயிர்களை இரையாகக் கொடுத்தான்.

ஆறேழு வாரம் சென்றது. குஞ்சுகள் காசளவு வளர்ந்து மீன் வடிவம் பெற்றன. ஒரு காலை மகள் என்னை அழைத்தாள். "அத்தா, இங்கே வந்து பாருங்கள்" என்றாள். கோடு போட்ட குஞ்சுகளுக்கு நடுவே, கோடே இல்லாத இளம் பொன்னிறக் குஞ்சுகள்! எண்ணிப் பார்த்தோம். மொத்தம் 71. அவற்றில் 18 பொன். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தாயும் வெள்ளி, தந்தையும் வெள்ளி. பொன் எங்கிருந்து வந்தது? பொன்னிறச் சீட்டு ஒன்று மட்டும் இருந்தால் அது வெளியே தெரியாது; மீன் வெள்ளியாகவே காணப்படும். அப்படி மறைத்து வைத்திருக்கும் இரண்டு மீன்கள் இணைந்தால், நான்கில் ஒரு குஞ்சுக்கு இரு பக்கமும் பொன் சீட்டுக் கிடைத்துப் பொன்னாகப் பிறக்கும். மகன் இதை விளக்கினான். மகள் தொட்டியைப் பார்த்தபடியே, "அப்படியானால் சும்மா கொடுத்த அன்றைக்கும் அதனிடம் அது இருந்ததுதானே, அத்தா?" என்றாள்.

நான் எழுந்து போய் என் தம்பியுடன் தொலைபேசியில் பேசினேன். நிறத்தைப் பற்றி நாங்கள் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நான் அப்படிக் கேட்கவே இல்லையே, அண்ணன்! என் பெயரில் நீங்கள் ஏன் கேட்டீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மறுநாளே தரகரைத் தேடிப் போய், கீழே வைத்த அந்த நிழற்படத்துக்குரிய வீட்டாரை விசாரித்தேன். அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் நிச்சயமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. "நல்ல இடந்தான் ஹஜ்ரத்" என்றார் தரகர். அல்ஹம்துலில்லாஹ் என்றேன், ஆனால் அது எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய நல்லது என்பதை அறிந்தே சொன்னேன். அந்தத் தாளில் நான் எழுதியதை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தம்பிக்கு அதற்குப் பிறகு மணம் முடிந்தது. பெண்ணின் நிறம் என்ன என்று நீங்களும் கேட்க வேண்டாம்; நானும் சொல்லப் போவதில்லை.

ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்ளாதீர்கள். பொன் குஞ்சு ஈன்றதால்தான் வெள்ளி மீன் மதிப்புப் பெற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அந்தக் கடைத் தெருவின் கணக்கையே படித்தவனாவேன். ஒரு பொன் குஞ்சுகூடப் பிறந்திராவிட்டாலும், அந்த இணை முட்டைக்கு விசிறியதும் விழுந்த குஞ்சைக் கவ்வி எடுத்ததும் உண்மை. விலை கொடுத்த நிறங்கள் மடிந்தபின் தொட்டியை நிறைத்தவை அவையே. இத்தனையும் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. பார்க்காதவர்கள் நாங்கள்தாம்.

இந்த மீனை வளர்க்க விரும்பும் வீட்டாருக்கு நான் பட்டறிந்த சில சொற்கள். தொட்டி நீளமாக இருப்பதோடு உயரமாகவும் இருக்கட்டும். ஒன்றரை அடிக்குக் குறைந்தால் துடுப்பு வளைந்து வளரும். துடுப்பைக் கடிக்கும் மீன்களையும், வாய்க்குள் அடங்கும் மிகச் சிறிய மீன்களையும் இதனோடு சேர்க்காதீர்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். முதன்முதலாக வளர்ப்போர் இரட்டைக் கறுப்பையும் மிக நீண்ட துடுப்பையும் தவிர்த்து, கோடு போட்ட வெள்ளியிலிருந்து தொடங்குவது நலம். வளர்க்க முடியாமற் போனால் கடைக்கோ நண்பருக்கோ கொடுத்துவிடுங்கள், கண்மாயில் விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டை நம் நீர்நிலைகளில் பரவி, நம் சொந்த மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறோம்.

இப்போது எங்கள் தொட்டியில் அந்தப் பழைய இணையும் அவற்றின் பிள்ளைகள் சிலவும் நீந்துகின்றன. மற்றவற்றை மகன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான். எத்தனை இறக்கை என்று கேட்ட சிறுவனுக்கும் இரண்டு கிடைத்தன. எடுத்துக்கொள் என்றபோது அவன் பொன்னைத்தான் காட்டினான். என் மகள் ஒரு பொன்னையும் ஒரு வெள்ளியையும் பையில் விட்டுக் கொடுத்து, "இரண்டையும் ஒரே மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றாள். அவன் தலையாட்டினான்.

நம் வீடுகளிலும் வரன் தாள்கள் வருகின்றன, இனியும் வரும். அவற்றில் நிறத்திற்கென்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தை நிரப்பப் பேனாவைத் திறக்கும் முன், அடுத்த அறையில் உங்கள் மகள் ஏதேனும் வேலையாக இருக்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். வஸ்ஸலாம்.